சோபா வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்

சின்னக் குழந்தைகளும் நாயும் பூனையும் இருக்கிற வீட்டுக்கு சோபா வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். திருச்சியில் ஒரு பெரிய ஷோரூமில் சோபா செட், டீப்பாய், டிராயர் வைத்த அலமாரி எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் கொடுத்தோம். வீட்டுக்கு வந்தது தேக்கும் இல்லை, லெதரும் இல்லை, சொன்ன ஃபோமும் இல்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பெண், நடக்கப் பழகும் பையன், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய், ஒரு பூனை. இதையெல்லாம் முதலிலேயே விற்பனையாளரிடம் சொல்லித்தான் கேட்டேன். “அக்கா, பூனை ஏறி ஆடினாலும் ஒரு கீறல் விழாதுக்கா. பியூர் லெதர், உள்ள முழுக்கத் தேக்கு, 40 டென்சிட்டி ஃபோம். அஞ்சு வருஷம் வாரண்டி” என்றார். அதைப் பில்லில் எழுதச் சொன்னதற்கு மேனேஜர் வந்தார். “கம்ப்யூட்டர் பில்லும்மா, அதுல அயிட்டம் பேர்தான் விழும்” என்றார். பில்லில் ‘சோபா செட் 3+1+1’ என்று மட்டும்தான் இருந்தது. அன்று இரவே விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் மரம், ஃபோம், மேல்துணி மூன்றையும் தனித்தனியாகக் கேட்டேன். தேக்கு, 40, லெதர் என்று மூன்றுக்கும் பதில் போட்டார். இன்று எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்தப் பதில்தான்.

முதல் கோடையிலேயே தலை சாய்க்கும் இடத்தில் தோல் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. பையன் அந்தச் செதிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நாயும் நக்கித் தின்றது. கடைக்குப் போன் செய்தால், “பூனை கீறினது வாரண்டியில வராது” என்று ஒரே பதில். ஒற்றை இருக்கை ஒன்றை மாடி அறையில் போட்டிருந்தோம். அந்த அறைக்குள் பூனை போனதே இல்லை. அதுவும் அதே இடத்தில் உரிந்திருந்தது. அந்தப் படத்தை அனுப்பிய பிறகு அவர்கள் போனையே எடுக்கவில்லை.

உரிந்தது லெதரே இல்லை. துணிமேல் பாலியூரிதேன் பூசிய ரெக்சின். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் அந்தப் பூச்சு தானாகவே சிதையும். வியர்வையும் தலை எண்ணெயும் படும் இடத்தில் இன்னும் சீக்கிரம் போகும். நகம் பட்டால் அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான். வெட்டிய ஓரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பின்னல் துணி தெரிந்தால் ரெக்சின், நார் நாராக இருந்தால் தோல். தோல் தூளை ஒட்டிச் செய்யும் ‘பாண்டட் லெதர்’ என்றும் ஒன்று உண்டு. அதுவும் இப்படித்தான் உரியும்.

தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியை அவர் பிளேடால் கீறினார். உள்ளே, சரக்குப் பெட்டி உடைத்த பலகைகள். ஒரு பலகையில் பாதி அழிந்த ஆங்கில எழுத்தும் மேல்நோக்கிய அம்புக்குறியும் அப்படியே இருந்தன. மூலைகளில் திருகு கிடையாது, துருப்பிடித்த ஸ்டேப்லர் பின்தான். இரண்டு பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு, பையன் தவழ்ந்து நுழையும் உயரத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. சோபாவின் கால் ஒன்றை அடிப்பக்கத்தில் உளியால் லேசாகச் சீவினார். காப்பிக் கலருக்குக் கீழே வெளுத்த மரம். “தேக்குன்னா வைரம் பாய்ஞ்சிருக்கணும்மா. இது ரப்பர் மரம், ஸ்டெயின் அடிச்சிருக்கான். மருந்து ஏத்தாம விட்டா உளுத்துப் போயிரும்” என்றார். கால் பக்கத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இரண்டு இருந்தன. தட்டினால் மரத்தூள் கொட்டியது.

ஃபோமை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டென்சிட்டி 40 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருக்க வேண்டும். எங்கள் குஷன் 60 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 12.5 உயரம். கணக்குப் போட்டால் 1.8 கிலோ வர வேண்டும். உறையைக் கழற்றி சமையலறைத் தராசில் வைத்தோம். காட்டியது 1 கிலோ 50 கிராம், அதாவது 23 டென்சிட்டி. கடையில் உட்கார்ந்து பார்த்தபோது மெத்தென்றுதான் இருந்தது. குழந்தைகள் குதிக்கிற வீட்டில் அது சில மாதத்தில் குழி விழுந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: எடையை மட்டும் நம்பக் கூடாது. கழிவு ஃபோமைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் கனமாகவே இருக்கும். ஜிப்பைத் திறந்து பாருங்கள், பல நிறத் துணுக்குகள் தெரிந்தால் அதுதான். ஜிப்பே இல்லாத குஷன் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். மூத்திரமோ பாலோ கொட்டினால் உறையைக் கழற்றித் துவைக்கக்கூட முடியாது.

டீப்பாய் எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டியிருந்தது வெனீர் என்ற மெல்லிய மரத்தாள். நாய்க்கு வைத்த தண்ணீர் ஓடிப்போய் ஓரத்தில் தேங்கியதில், ஊறிய ரஸ்க் போல உப்பிவிட்டது. அதற்கும் தேக்கு விலைதான் போட்டிருந்தார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது டிராயர் அலமாரி விஷயத்தில்தான். பெண் கீழ் டிராயர்களை இழுத்துவிட்டு, படிக்கட்டு மாதிரி அதில் ஏறினாள். அலமாரி முன்னால் சாய்ந்தது. அவள் அப்பா பக்கத்திலேயே நின்றதால் பிடித்துவிட்டார். சுவரோடு பிடிக்கும் பட்டையோ, ‘எல்’ வடிவ இரும்புக் கிளாம்போ அதில் இல்லை. கொண்டுவந்து இறக்கிய அன்றே அதைக் கேட்டிருந்தேன், “டிரில் போடுறது எங்க வேலை இல்லக்கா” என்று போய்விட்டார்கள். 2016-ல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. சுவரில் பொருத்தாத அலமாரி கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். உங்கள் வீட்டில் அப்படி அலமாரி இருந்தால், எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி, இன்றைக்கே இரண்டு கிளாம்ப் வாங்கிச் சுவரில் அடியுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள் மரத்தின் பெயர், ஃபோம் டென்சிட்டி, மேல்துணி என்ன, வாரண்டி எதற்கெல்லாம் உண்டு என்பதைப் பில்லிலோ கடையின் லெட்டர்ஹெட்டிலோ எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். பிளைவுட் என்றால் எந்த வகை என்று கேளுங்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண்: ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 தண்ணீர் தாங்கும் மரைன் வகை. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு அது நிஜமா என்று பார்க்கலாம். பூனை இருக்கிற வீட்டுக்கு, இழை வெளியே தெரியாமல் நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபரோ குட்டை முடி வெல்வெட்டோ நல்லது. நகம் மாட்ட அதில் கண்ணி கிடையாது. சணல் மாதிரி தளர்வாக நெய்த துணி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் சாவியால் கீறி, தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று எங்கள் பில்லிலும் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொன்னோம். அவர்கள் கடையோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கடை அசையாததால் மாவட்ட ஆணையத்துக்குப் போனோம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தால் கடை 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. கெட்டுப்போன சாமானைக் கோபத்தில் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.

நோட்டீஸ் போன பிறகு, பாதிப் பணம் தருகிறோம் என்று கடையிலிருந்து ஆள் வந்து பேசினார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். திருச்சிப் பக்கம் இதே மாதிரி தேக்கு, லெதர் என்று சொல்லி ஏமாற்றப்பட்டவர்கள் இருந்தால் பில், படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். கடை ஒன்றேதான் என்று தெரிந்தால், ஆணையத்தின் அனுமதி வாங்கி எல்லோரும் சேர்ந்து ஒரே புகாராகப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது.