கூகுள் ஸ்காலரா, பப்மெட்டா? எந்தத் தேடலுக்கு எது

மருத்துவ, உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட இரண்டு இலவசக் கருவிகள் பெரும்பாலோர் கையில் இருக்கின்றன: 1996இல் வந்த பப்மெட், 2004இல் வந்த கூகுள் ஸ்காலர். ஒரே சொற்களைத் தட்டினாலும் இரண்டும் வெவ்வேறு பட்டியலைக் கொடுக்கும். பப்மெட் பார்ப்பது தலைப்பு, சுருக்கம், ஆசிரியர், பொருள் தலைப்பு போன்ற பதிவு விவரங்களை மட்டுமே. ஸ்காலரோ முடிந்தவரை கட்டுரையின் முழு உரைக்குள்ளும் போகும்.

அதனால் ஒரு கருவியின் மாடல் பெயரோ வேதிப்பொருளின் வணிகப் பெயரோ செய்முறைப் பகுதியில் மட்டும் வந்திருந்தால், பப்மெட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஸ்காலரில் மேற்கோள் குறிக்குள் போட்டால் கிடைத்துவிடும். அதே முழு உரைத் தேடல்தான் தொல்லையும் தருகிறது. அடிக்குறிப்பில் ஒரே ஒரு முறை அந்தச் சொல் வந்த கட்டுரையும் பட்டியலில் ஏறிவிடும்.

பப்மெட்டின் பலம் ‘மெஷ்’ எனப்படும் பொருள் தலைப்புகள், அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று காட்டப் பதிவில் ஏற்றப்படும் நிலையான பெயர்கள். ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினால், கருவி அதை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்ற மெஷ் தலைப்போடும் தானே இணைத்துத் தேடும். அதன் கீழுள்ள குறுகிய தலைப்புகளையும் சேர்த்துக்கொள்ளும். நாம் தட்டியதை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதை மேம்பட்ட தேடல் பக்கத்தில் வரலாற்றுப் பட்டியலின் விவரப் பகுதியில் பார்க்கலாம். பலர் திறந்தே பார்க்காத இடம் இது. பாதித் தவறுகள் இங்கேயே பிடிபடும்.

இந்தத் தானியங்கி இணைப்பு அறுந்துபோகும் இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் அறும். சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டாலும் அறும். (நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது 4 எழுத்துகள் வேண்டும்.) துல்லியம் கூடும் என்று நம்பி மேற்கோள் குறி போடுபவர், ஒத்த சொற்கள் அத்தனையையும் தானே இழக்கிறார். மறுபக்கம், மெஷ் தலைப்பை மட்டும் நம்பினால் அண்மையில் சேர்ந்த, இன்னும் மெஷ் தலைப்பு ஏறாத பதிவுகள் விடுபடும். மெஷ் தலைப்பு ஒரு வரி, தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சொற்கள் இன்னொரு வரி, இரண்டுக்கும் நடுவே ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (OR), ஆங்கிலப் பெரிய எழுத்தில். இதுதான் சரியான கட்டமைப்பு. ஒவ்வொரு கருத்தையும் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போய்ப் பொருளை மாற்றிவிடும்.

இப்படிக் கட்டிய தேடலை ஸ்காலரில் ஒட்டினால் சொதப்பும். நீளமான தேடல் வரியை அது ஏற்பதில்லை, அடைப்புக்குறிகளையும் நம்பகமாகக் கையாள்வதில்லை. எத்தனை லட்சம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும் பார்க்கக் கிடைப்பது முதல் 1,000 மட்டுமே. தேதிப்படி அடுக்கினால் கடந்த ஓர் ஆண்டில் சேர்ந்தவை மட்டும் மிஞ்சும். பழையவை காணாமல்போனது தெரியாமலே பலர் ஏமாறுகிறார்கள். வரிசைப்படுத்தும் விதமும் வெளிப்படையாக இல்லை. பப்மெட்டில் ஒரே தடவையில் 10,000 பதிவுகள் வரை இறக்கலாம். ஸ்காலரில் அப்படி மொத்தமாக இறக்க வழியில்லை. முறைசார் மீளாய்வுக்கு, அதாவது தேடலை அப்படியே எழுதிக்காட்டி மற்றவர் திரும்பச் செய்து பார்க்க வேண்டிய வேலைக்கு, ஸ்காலரை முதன்மைக் கருவியாக வைப்பது சரியல்ல.

ஆனால் தடம் பிடித்துப் போவதற்கு ஸ்காலரை மிஞ்ச முடியாது. ஒரு நல்ல கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து, அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடும் பெட்டியைத் தேர்வுசெய்து புதிய சொல் தட்டுங்கள். ஆயிரம் மேற்கோள்கள் பத்துப் பதினைந்தாகச் சுருங்கும். மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வேடுகள், இதழில் வெளியாகும் முன்பே இணையத்தில் ஏற்றப்படும் முன்பதிப்புகள் எல்லாம் அதில் சேர்வதால், கட்டணத் தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் காட்டுவதைவிட எண் பெரிதாகவே இருக்கும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று பார்க்க வேண்டுமானால் பப்மெட்டுக்கே வாருங்கள். அங்கே பதிவின் மேலேயே அறிவிப்பு தெரியும். ஸ்காலர் முடிவுகளில் அந்த எச்சரிக்கை இருக்கும் என்று எண்ண முடியாது.

மருத்துவத்துக்கு வெளியே வேலை செய்பவர்களுக்கு பப்மெட் அவ்வளவாக உதவாது. அவர்கள் 2022இல் தொடங்கிய இலவசத் தரவுத்தளமான ஓப்பன் அலெக்ஸைப் பார்க்கலாம். பதிவுகளை மொத்தமாக எடுக்கலாம். ஒரே பெயருள்ள ஆசிரியர்கள் கலந்துவிடுவது அதன் குறை.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகள் சொல் தேர்வுக்கு நல்ல துணை: ஒரு கருத்துக்கு வேறு என்னென்ன பெயர்கள் என்று கேட்கலாம். அவை தரும் மேற்கோள் பட்டியலை மட்டும் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள். டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்) திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எண் உண்மையாக இருந்து, திறக்கும் கட்டுரை முற்றிலும் வேறொன்றாக இருப்பதுண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.