அளந்து பார்த்த பிறகே கை வைக்கும் எலக்ட்ரீஷியன்: மூலக்கடை அருகே ஒரு பட்டறை

சென்னை மூலக்கடைச் சந்திப்பிலிருந்து ஜி.என்.டி. சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. அறுபது வயதை ஒட்டிய ஒருவரும் அவரிடம் தொழில் பழகும் ஓர் இளைஞரும்தான் அங்கே வேலை செய்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து மாதங்களாக என்னை அலைக்கழித்த ஒரு பழுதை இரண்டே நாளில் அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்த விதத்தை விரிவாகவே எழுத விரும்புகிறேன். பழைய கார் வைத்திருந்து, காரணம் தெரியாமல் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும் தொல்லையில் இருப்பவர்களுக்கு அவருடைய பட்டறையைவிட அவருடைய முறை அதிகம் பயன்படும் என்று நம்புகிறேன்.

என்னுடையது 2004ஆம் ஆண்டு மாடல் மாருதி ஜென். தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்கு நாள்தோறும் அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகு, அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காக வாரத்தில் இரண்டு முறை எடுத்தால் அதிகம். இந்த நிலையில்தான் மூன்று நாள் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் டிக், டிக் என்ற ஓசை மட்டும் வரத் தொடங்கியது. அப்போதிருந்த பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்ததால், பேட்டரிக் கடையில் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொன்னதை நம்பிப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். அதுவும் நான்காம் நாள் இறங்கியது. பிறகு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஆல்டர்நேட்டர் (இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) சரியாகச் சார்ஜ் செய்யவில்லை என்று கூறி, அதை மாற்றினார்கள். பேட்டரிக்கும் ஆல்டர்நேட்டருக்குமாகப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவான பின்பும் பழுது இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு இரவும் பானட்டைத் திறந்து நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பதும் காலையில் மாட்டுவதுமாக ஒரு மாதம் ஓட்டினேன். மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவை வாசலில் நிற்க வைத்துவிட்டு ஸ்பேனரைத் தேடிய நாள்கள் உண்டு.

பக்கத்துத் தெருவில் டாக்சி ஓட்டும் ஒருவர்தான் இந்தப் பட்டறைக்கு வழி சொன்னார். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து, "ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருக்குமா?" என்று கேட்டேன். பெரியவர், "அளந்து பாக்காம எதையும் கழட்ட மாட்டேன் சார். வண்டிய இன்னிக்கு இங்கயே வுட்டுட்டுப் போங்க" என்றார். இந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் வண்டியை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது. இருந்தாலும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவர் தடுக்கவும் இல்லை.

முதலில் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் ஏற்றினார். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் சோதனை தவறான முடிவைத் தரும் என்பது அவர் விளக்கம். சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு அளந்தபோது 12.6 வோல்ட் காட்டியது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி ஓய்வில் காட்ட வேண்டிய அளவு அதுதான். இஞ்சினை ஓட விட்டபோது 14.1 வோல்ட் வந்தது. ஆகவே பேட்டரியிலும் சார்ஜிங்கிலும் குறை இல்லை. சாவியை எடுத்த பிறகும் எங்கோ கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

அதன் பின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையே, கரண்டை அளக்கும் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைத்தார். கதவைத் திறந்து வைத்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், கதவுச் சட்டத்தில் உள்ள பொத்தான் சுவிட்சை அழுத்தி அதன்மேல் டேப் ஒட்டினார். சாவியை என் கையிலேயே கொடுத்து, யாரும் அதைத் திருப்பக் கூடாது என்று எச்சரித்தார். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் நூறு ஆம்பியரையும் தாண்டும்; மீட்டர் அதைத் தாங்காது. வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த எச்சரிக்கையைக் கட்டாயம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டும் கருவியும் ஸ்டீரியோவும் அடங்குவதற்கு நேரம் தர வேண்டும் என்று அரை மணி நேரம் மீட்டரைத் தொடாமல் காத்திருந்தார். அவசரப்பட்டு முதல் நிமிடத்தில் வரும் எண்ணை நம்புபவர்கள் இல்லாத பழுதைத் தேடி அலைவார்கள் என்றார்.

அரை மணி நேரம் கழித்தும் மீட்டர் 410 மில்லி ஆம்பியர் காட்டியது. இத்தகைய பழைய சிறிய காரில் எல்லாம் அணைந்த பிறகு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். என் பேட்டரி 35 ஆம்பியர் மணி கொள்ளளவு உடையது; அதாவது ஓர் ஆம்பியர் கரண்டை ஏறத்தாழ 35 மணி நேரம் தரும். 410 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் மணி வெளியேறுகிறது, இரண்டே நாளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. மூன்றாம் நாள் காலையில் வண்டி ஏன் மறுத்தது என்பதற்கு ஐந்து மாதங்களில் எனக்குக் கிடைத்த முதல் தெளிவான விளக்கம் அந்தக் கணக்குதான்.

பிறகு இளைஞர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினார். பெரியவர் மீட்டரைப் பார்த்தபடி எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். உருவிய ஃபியூஸை அதே இடத்தில் செருகிய பின்புதான் அடுத்ததைத் தொட்டார்கள். ஸ்டீரியோவுக்குப் போகும் ஃபியூஸை எடுத்ததும் 410 என்பது 180க்கு இறங்கியது. அந்த ஸ்டீரியோ கடந்த ஆண்டு நான் மாட்டவைத்த தொடுதிரைக் கருவி. இத்தகைய கருவிகளில் மஞ்சள் ஒயர் நினைவகத்துக்காக எப்போதும் பேட்டரியோடு இணைந்திருக்கும்; சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பும்போது மட்டும் உயிர் பெற வேண்டும். மாட்டியவர் இரண்டையும் முறுக்கி ஒரே இடத்தில் இணைத்துவிட்டார். திரை அணைந்திருந்தாலும் உள்ளே கருவி உறங்கவே இல்லை.

பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று சொல்லியிருப்பார்கள். 230 மில்லி ஆம்பியர் பழுதைக் கண்டுபிடித்தது பெரிய வெற்றிதானே என்று நானும் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. எல்லா ஃபியூஸ்களையும் உருவச் சொன்னார். அப்போதும் மீட்டரில் 160 நின்றது. ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத கரண்ட் அது. அப்படிப் போகக்கூடிய இடங்களில் ஆல்டர்நேட்டர் முக்கியமானது. அதன் டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கெட்டால் நிற்கும் வண்டியிலும் பேட்டரியை உறிஞ்சும். ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனை எதிலும் உரசாமல் டேப் சுற்றி வைத்துப் பார்த்தார். எண் மாறவில்லை. புதிதாக மாட்டிய ஆல்டர்நேட்டர் நல்லதுதான் என்பதும் அதனால் தெரிந்தது. பழைய மெக்கானிக்கைப் பற்றி அவர் ஒரு சொல்லும் குறைவாகப் பேசவில்லை.

பிறகு பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து கிளம்பும் ஒயர்களை விரலால் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். கறுப்பு உறைக்குள் மறைந்திருந்த மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று இஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டின் வழியே உள்ளே போனது. அதில் தனியாக ஒரு சிறு ஃபியூஸ் இருந்தது. அதை எடுத்ததும் மீட்டர் சுழியத்துக்கு வந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே, இடது கால் படும் மூலையில், முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்த ரிமோட் பூட்டும் கருவியில் அந்த ஒயர் முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீர் காருக்குள்ளும் புகுந்து தரைவிரிப்பை நனைத்தது. விரிப்பைக் காயவைத்தேன், அந்த மூலையை யாரும் பார்க்கவில்லை. கனெக்டர் முழுதும் பச்சை பூத்திருந்தது. செம்பு அரித்துப் படிந்த அந்தப் பச்சை வழியாகக் கரண்ட் கசிந்து, ஒரு ரிலேயை (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) இரவும் பகலும் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. ஃபியூஸைத் திரும்பச் செருகிச் சற்று நேரம் கழித்து, "கைய வெச்சுப் பாருங்க சார்" என்றார். பல மணி நேரமாக நின்றிருக்கும் வண்டியில் அந்தச் சிறிய ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில், உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கனெக்டர்களை இப்படித்தான் தின்கின்றன என்றார்.

புயலுக்குப் பிறகு இத்தனை நாள் இது ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. நாள்தோறும் வேலைக்குப் போன காலத்தில் இரவில் கசிந்ததைப் பகலில் ஆல்டர்நேட்டர் ஈடு செய்துவந்தது. ஸ்டீரியோ சேர்ந்ததும் பணி ஓய்வால் வண்டி நின்றதும் ஒன்றாக வந்தபோதுதான் பழுது வெளிப்பட்டது.

ரிமோட் கருவியைப் பழுது பார்க்க வேண்டாம், எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். இப்போது சாவியால் பூட்டுகிறேன். ஸ்டீரியோவின் சிவப்பு ஒயரைச் சரியான இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடினார். முறுக்கி டேப் சுற்றுவதோடு விடவில்லை. கடைசியாக அளந்தபோது 24 மில்லி ஆம்பியர். இதைப் பார்த்த பின்பும் வண்டியை ஓர் இரவு அங்கேயே நிறுத்தி, காலையில் மறுபடி அளந்து காட்டிய பிறகே சாவியைக் கொடுத்தார். கூலியாக 1,800 ரூபாய் வாங்கினார். பொருள் எதுவும் மாற்றாமல் கூலி மட்டும் இவ்வளவா என்று சிலருக்குத் தோன்றலாம். ஏற்கெனவே பத்தாயிரம் ரூபாய்க்குப் பொருள் மாற்றிப் பார்த்த எனக்கு அது மிகவும் நியாயமான தொகை.

குறைகளும் உண்டு. தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை. நேரில்தான் போக வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வண்டிக்கு மேல் நிறுத்த இடம் இல்லை. எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் முறை வந்தது. ரசீது கேட்டதற்கு ஒரு தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். எந்த ஒயர், எத்தனை மில்லி ஆம்பியர், எது மாற்றப்பட்டது என்று அதிலேயே எழுதிக் கொடுத்தால், பின்னாளில் வேறு எந்த மெக்கானிக்குக்கும் அது உதவும். நான் பக்கத்தில் இருந்ததால் குறித்துக்கொண்டேன். வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நவீனக் கார்களின் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட பழுதுகளை அவர் எடுப்பதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அங்கே போக நினைப்பவர்கள், காருக்குப் பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், ஜிபிஎஸ், ரிவர்ஸ் ஹாரன் எவை என்பதை எழுதி எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். வண்டி தண்ணீரில் நின்றது உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சென்ற மாதம் மதுரைக்குப் போய்ப் பதினொரு நாள் கழித்துத் திரும்பினேன். டெர்மினலைக் கழற்றாமலே விட்டுப் போயிருந்தேன். பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. முதல் செல்ஃபிலேயே வண்டி எடுத்தது, அம்மாவும் அன்றைக்கு நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்.