பறவைக்கும் தெருநாய்க்கும் தண்ணீர் வைக்க எந்தப் பாத்திரம்?

கோடை நெருங்கினால் நர்சரிகளிலும் பானைக் கடைகளிலும் தண்ணீர்த் தட்டுகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் வாங்கத் தக்கவை இரண்டுதான்: பறவைக்கு அகன்ற மண் தட்டு, நாய்க்கும் மாட்டுக்கும் சிமெண்ட் தொட்டி. தொங்கவிடும் பிளாஸ்டிக் தட்டு வெயிலில் நொறுங்கும், காகம் உட்கார்ந்தாலே கவிழும். எவர்சில்வர் கிண்ணத்தில் நண்பகலில் தண்ணீர் கொதித்துவிடும்.

மண் தட்டில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் குளிர்ச்சி. பளபளப்பாக வார்னிஷோ பெயிண்டோ பூசியது பார்க்க அழகு, ஆனால் குளிராது. பூச்சில்லாததாக எடுங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கும், இல்லை சரியாக வேகாத மண்ணாக இருக்கும். அகலம் ஒரு அடிக்குக் குறையாமல், ஆழம் 2 அங்குலத்துக்கு மிகாமல் இருந்தால் மைனாவும் தவிட்டுக்குருவியும் இறங்கிக் குளிக்கும். ஆழமான தட்டுதான் கிடைத்தது என்றால் நடுவில் ஒரு கல்லை நீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். தேனீயும் அணில் குட்டியும் அதைப் பிடித்துக் கரையேறும்.

வாங்கும்போது இரண்டாக வாங்குவது நல்லது. புறாக்களுக்குத் தொண்டையில் வரும் ஒட்டுண்ணி நோய் பொதுத் தண்ணீர்த் தட்டு வழியாகவும் பரவும். அந்தக் கிருமி உலர்ந்தால் சாகும். ஒன்றில் தண்ணீர் இருக்கும்போது மற்றது வெயிலில் கவிழ்ந்து காயட்டும். சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாலே போதும்.

தண்ணீரை மட்டும் மாற்றினால் கொசு ஒழியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் அந்த முட்டை, நனைந்ததும் பொரியும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம். ஆகவே தினமும் நீர் மாற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை விளிம்புவரை தேய்க்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ‘கொசு வருகிறது’ என்று தொட்டியை எடுக்கச் சொல்வது பெரும்பாலும் இது தவறுவதால்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சிமெண்ட் தொட்டியைக் கொண்டுவந்த அன்றே வைத்துவிடாதீர்கள். புதுச் சிமெண்ட்டின் சுண்ணாம்பு நீரில் இறங்கி, அதைச் சோப்புத் தண்ணீர்போல வழவழக்கும் காரநீராக்கும். ஒரு வாரம் நிரப்பி வையுங்கள், தினமும் கொட்டி மாற்றுங்கள். நீரைத் தொட்டால் விரலில் வழவழப்பு தெரியாமல் போன பிறகு வைக்கலாம். சதுரத்தைவிட வட்டம் மேல், மூலையில் பாசி தங்காது. அடியில் வடிதுளை உள்ள தொட்டிகளில் பெரும்பாலும் அடைப்பான்தான் முதலில் ஒழுகும். துளையில்லாமல், ஒருவரே சாய்த்துக் கொட்டக்கூடிய எடையில் எடுங்கள். கனமான தொட்டியைக் கழுவச் சோம்பல் வரும். பத்து நாளில் அது பாசிக் குட்டையாகிவிடும்.

மண் தட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் வைக்காதீர்கள், காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் தலையில்தான். தரையில் நிழலாக வையுங்கள். பூனை பதுங்கும் செடி மறைவிலிருந்து ஆறேழு அடி தள்ளியே இருக்கட்டும். தெருத் தொட்டியை வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்தால் நாய் ஒதுங்கிப் போகும், பெட்ரோலும் சிந்தும், மரத்தடிதான் சரி. மீந்த சோற்றை அதில் கொட்ட விடாதீர்கள், அரை நாளில் புளித்துவிடும்.