தட்டை ஃபிகரா, பெயின்ட் அடித்த மினியேச்சரா? குன்னூர் ஈரத்தில் சில வருட அனுபவம்

மேசைமேல் குட்டிப் படைகளை நகர்த்திப் போரிடுகிற டேபிள்டாப் வார்கேம் ஆட, பெயின்ட் அடித்த மினியேச்சர் (குட்டிப் பொம்மை) வாங்குவதா, காகிதத்திலோ பிளாஸ்டிக்கிலோ அச்சடித்த தட்டை ஃபிகர் போதுமா என்ற கேள்விக்குச் சமவெளியில் ஒரு பதில் இருக்கலாம். குன்னூரில் வேறு பதில். இரண்டையும் வருடக்கணக்கில் ஒரே மேசையில் வைத்து ஆடியிருக்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நூறு பேருக்கு மேல் அணிவகுக்கிற படை என்றால் தட்டை. ஆளுக்குப் பத்துப் பேரோடு மோதுகிற சின்ன ஆட்டம் என்றால் பெயின்ட் அடித்தது. காரணத்தில் பாதி ரசனை, மீதி மழை.

ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆனி, ஆடியில் கொட்டும் என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற அந்த நாட்களில் பெயின்ட் அடிக்க நேரம் தாராளம். ஆனால் பெயின்ட்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சான பிரைமர் ஸ்ப்ரேயைத் தொட முடியாது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் பொம்மையின் மேல் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக உட்காரும். முகத்தில் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போகும். கடைசியில் அடிக்கிற, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே இன்னும் மோசம். வெள்ளையாகப் பூத்து, கறுப்புக் கோட்டு போட்ட சிப்பாய் திருநீறு பூசிய சாமியார் ஆகிவிடுவான். சூப்பர் குளூ ஈரத்தைக் குடித்து இறுகுகிற பசை என்பதால் இங்கே சட்டென்று ஒட்டும், அது நல்லதுதான். ஆனால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலம் விட்டுவிட்டுப் போகும்.

இதனால் ஸ்ப்ரேயையே விட்டாயிற்று. பிரைமரும் வார்னிஷும் தூரிகையால் பூசுகிற வகைதான். வேலை இரட்டிப்பு. ஒரு பட்டாலியன் முடிக்க ஒரு மழைக்காலம் ஓடிவிடும்.

பொம்மை நிற்கிற அடித்தட்டான பேஸில் தரைக்கு என்ன போடுவது என்று இந்த ஊரில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. தேயிலைத் தூள்தான். காய்ந்த சருகு விழுந்த காட்டுத் தரை அச்சு அசலாக வரும். ஆனால் வெள்ளைப் பசையில் ஒட்டிய தூளின் மேல் வார்னிஷை நன்றாக ஊற விடாவிட்டால், கார்த்திகை முடிவதற்குள் பூஞ்சை பிடிக்கும். சாம்பல் பச்சையாக, மெல்லிய ரோமத்தோடு. பார்க்க இயற்கையான பாசி மாதிரி அழகாகத்தான் இருக்கும். பெட்டியைத் திறந்தால் வாடை சொல்லிவிடும்.

சரி, காகிதத்துக்கு ஈரம் ஆகாதே என்று கேட்பீர்கள். ஆகாதுதான். ஆனால் அதைச் சமாளிப்பது சுலபம். சாதாரண இங்க்ஜெட் மை ஈர விரல் பட்டாலே கலையும், ஆகவே லேசர் பிரின்ட். 200 ஜிஎஸ்எம் தாள் போதும், அதற்கு மேல் போனால் கத்தரி திணறும். முன்படமும் பின்படமும் முதுகோடு முதுகு சேர மடிக்கிற கோட்டில் முதலில் மைதீர்ந்த பேனாவால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டோனர் (லேசர் மைத்தூள்) வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். தண்ணீர்ப் பசை தாளை வளைக்கும், குச்சிப் பசை வளைக்காது. வெட்டிய பிறகு ஓரத்தை மார்க்கரால் சுற்றிலும் கறுப்பாக்குங்கள். இந்த ஒரு வேலையில்தான் பள்ளிக்கூட புராஜெக்ட் படையாக மாறுகிறது. அடியில் ஹார்டுவேர் கடை வாஷர் ஒட்டினால் ஜன்னல் காற்றுக்குச் சாயாது. பிஸ்கட் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்த என் முதல் காகிதப் படை இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

அப்புறம் பிளாஸ்டிக். வோஃபன் போன்ற நிறுவனங்கள் ஓவியர் பீட்டர் டென்னிஸ் வரைந்த வீரர்களை ஒளி ஊடுருவும் தகட்டில் இரு பக்கமும் அச்சடித்து விற்கின்றன. கையால் பிரித்தெடுத்து, எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) பேஸில் உள்ள வெட்டில் செருகினால் முடிந்தது. எனக்கு வேண்டிய படை யாரிடமும் என் மனதுக்குப் பிடித்த மாதிரி கிடைக்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்த சண்டைக்கான படை அது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அதே சண்டையைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அதில் வீரர்கள் வரிசை வரிசையாகப் பக்கவாட்டில்தான் நிற்கிறார்கள். தட்டை ஃபிகருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதைப் பார்த்து நானே வரைந்து, கோவையில் பெயர்ப்பலகை செய்கிற ஒரு கடையில் 2 மி.மீ. அக்ரிலிக்கில் யுவி பிரின்ட் எடுத்து லேசரில் வெட்டி வாங்கினேன்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று அடுக்கு: முன்பக்கப் படம், நடுவே வெள்ளை மை, பின்பக்கப் படம். வெள்ளை அடுக்கு இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் முதுகு தெரியும். முதல் தவணையில் கடைக்காரர் வெட்டுக்கோட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்திவிட்டதால் ஒரு வரிசை முழுக்க துப்பாக்கி முனை இல்லாத சிப்பாய்கள். படத்தைச் சுற்றித் தாராளமாக ஓரம் விடுங்கள். அந்தக் கண்ணாடி ஓரம் டியூப்லைட்டில் மின்னும், அது பழகிவிடும். ஈரம் இதை ஒன்றும் செய்யாது.

ஆட்டத்தில் தட்டையின் பெரிய குறை, பக்கத்திலிருந்து பார்த்தால் படையே காணாமல் போவது. மேசையின் குறுக்குப் பக்கம் உட்காருகிறவர் வெறும் கோடுகளைப் பார்த்துக்கொண்டுதான் ஆட வேண்டும். அக்கா மகன் முதல் தடவை அங்கே உட்கார்ந்துவிட்டு, "மாமா, உங்க ஆளுங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?" என்றான். இன்றுவரை அவன் கட்சி பெயின்ட்தான்.

எதிர்க்கட்சி, வெலிங்டன் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். பணிக்காலத்தில் மணல் மேடை வைத்துப் பயிற்சி செய்தவர். பெயின்ட் அடித்த பொம்மையைக் கையில் எடுத்துப் பாராட்டிவிட்டு வைத்துவிடுவார். "முகம் எதுக்கு தம்பி? எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறான்னு தூரத்துலயே தெரியணும், அவ்வளவுதான்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்புறமும் முதுகும் வேறு வேறு படம் என்பதால் அணி எங்கே திரும்பியிருக்கிறது என்று தட்டையில் சண்டையே வராது. 1824-ல் பிரஷ்யாவில் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் அறிமுகப்படுத்திய போர்ப் பயிற்சி ஆட்டத்தில் பொம்மையே கிடையாது, வரைபடத்தின் மேல் சிவப்பு, நீலக் கட்டைகள்தான். நியூரம்பெர்க் தகரச் சிப்பாய்களும் 18-ஆம் நூற்றாண்டில் தட்டையாகத்தான் வந்தார்கள். தட்டை என்றால் ஏழையின் மாற்று என்று பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கோத்தகிரிக்குப் பஸ்ஸில் எடுத்துப்போய் ஆடுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளைவுகளில் உலோகப் பொம்மைகள் ஒன்றோடொன்று உரசி, ஈட்டி முனையிலும் தொப்பி விளிம்பிலும் பெயின்ட் உதிரும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் டச்-அப். தட்டைப் படை ஒரு ஃபைலுக்குள் போய்விடும், மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயத்தில் தட்டை தோற்றுவிட்டது: யானை. குதிரைகூடப் பரவாயில்லை. யானையின் அழகே அதன் பருமன்தான். அதை 2 மி.மீ. தகட்டில் நிறுத்தினால் கட்-அவுட் மாதிரி பரிதாபமாக இருக்கிறது. எனவே என் மைசூர்ப் படையில் சிப்பாய், ராக்கெட்காரர், பீரங்கி மாடுகள் எல்லாம் அக்ரிலிக், யானைகள் மட்டும் பெயின்ட் அடித்த ரெசின். கலந்து வைத்தால் ஒட்டாது என்று பயந்தேன். இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரிவதில்லை. மூன்றாவது யானை பிரைமர் பூசித் தயாராக இருக்கிறது. தை பிறந்து வெயில் வந்ததும் அதற்கு அம்பாரி ஒட்ட வேண்டும்.