பழைய வண்ணாரப்பேட்டை சிறுகதை வகுப்பு: பணம் கட்டலாமா?

சர் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி ஐந்து நிமிட நடை. கீழே மாவு மில், மேலே டியூஷன் சென்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே சிறுகதை வகுப்பு. நான்கு ஞாயிறுக்கு 1,500 ரூபாய், டீ உட்பட. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எல்லாருக்கும் டீச்சர்தான்.

ஹார்பர் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிற ஆள் நான். 'உள்மனதின் குரலைக் கேளுங்கள்' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம் என்றுதான் போனேன். டீச்சர் அதெல்லாம் பேசவில்லை. கதையை வாங்கினார், சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முதலில் அடி வாங்கியது 'அவள்'. "வந்தாள்னு போட்டாச்சு இல்ல தம்பி, அப்புறம் எதுக்கு வரிக்கு வரி அவள்?" பாதி 'அவள்' போனதுமே பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. கர்ஜித்தான், வினவினான் எல்லாம் 'என்றான்' ஆயின. ஒருவர் 'அவனுடைய அப்பாவின் தங்கையான கமலா' என்று எழுதியிருந்தார். டீச்சர் அந்த வரியையே அடித்துவிட்டு, வாசலில் நிற்கிற பையன் "அத்தே, அப்பா கூப்புடுது" என்று குரல் கொடுப்பதாக மாற்றினார். கமலா யார் என்று அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொடுத்த காசு எனக்கு வசூலானது ஒரு காசிமேட்டுக் கதையில். கல்லூரிப் பையன் எழுதியது. மே மாதம், கத்திரி வெயில், நடுக்கடலில் விசைப்படகில் அப்பாவும் மகனும் சண்டை போடுகிறார்கள். வகுப்பில் இருந்த காசிமேட்டு அக்கா சிரித்துவிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில்தான் கட்டிக் கிடக்கும். பையன் முகம் விழுந்துவிட்டது. மாதத்தை மாற்றிவிடுகிறேன் என்றான். டீச்சர் விடவில்லை. "மாசம் இருக்கட்டும், படகைக் கரையிலயே வை. அப்பா கையில காசு வராது, ஒரு மாசமா வீட்டுலயே உக்காந்திருக்காரு. இப்ப சண்டை எதுல ஆரம்பிக்கும்?" அடுத்த வாரம் அவன் கொண்டுவந்த கதையில் அப்பா வலையைப் பழுது பார்த்துக்கொண்டே நிவாரணப் பணம் வந்ததா என்று கேட்கிறார். மகன் செல்போனைப் பார்த்தபடி, "சோறு போடு" என்கிறான், அம்மாவிடம். புயல், அலை எதுவும் இல்லை. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

குறைகளும் உண்டு. பேய்க்கதை, விண்வெளிக் கதை என்றால் டீச்சருக்கு இளக்காரம். அந்த மாதிரி எழுதுகிறவர்கள் மனம் நொந்துதான் திரும்புவார்கள், அது நியாயமும் இல்லை. நாவல் கட்டமைப்பு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பத்திரிகைக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டால், "முதல்ல முடிங்க" என்பதோடு சரி. மில் ஓடும்போது கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது. மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு கதை அரைகுறையாகவாவது இருந்தால் தாராளமாகச் சேரலாம். வெறுங்கையோடு போனால் அடுத்தவர் கதையைக் கேட்டுக்கொண்டு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். ஆளுக்கு ஒன்றாகப் பிரதி கொண்டுவரச் சொல்கிறார்கள். ஞாயிறு காலையில் ஜெராக்ஸ் கடை தேடி அலையாமல் சனிக்கிழமையே எடுத்து வைத்துவிடுங்கள்.