சிக்னலுக்கு சிக்னல் நின்ற ஸ்ப்ளெண்டரும் ஆதம்பாக்கம் மெக்கானிக் கடையும்

அப்பாவின் ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2007 மாடல், டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றுதான் இருக்கும். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை, நானும் வேலைக்காக ஓசூரில் இருந்தேன், அதனால் ஏழு மாதம் நங்கநல்லூர் ஃபிளாட்டின் கீழே கவர் போட்டபடியே நின்றது. திரும்பி வந்து இருபது தடவை கிக்கரை உதைத்த பிறகு சோக் போட்டால் ஸ்டார்ட் ஆனது, சோக்கை எடுத்ததும் ஆஃப். ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தால் ஓடும், கையை விட்டால் நின்றுவிடும். இப்படியே ஒரு வாரம் ஆபீஸ் போய் வந்தேன். சிக்னலில் ஒரு கையால் ரேஸ் கொடுத்துக்கொண்டு, பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, பச்சை விழுந்ததும் செத்துப்போகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரம் போவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னாலேயே “அப்பா வரலையாம்மா?” என்று கேட்டார்கள். புது பிளக், புது பேட்டரி, ஆயில், ஜெனரல் சர்வீஸ் என்று 2,350 ரூபாய். ஒரு நாள் நன்றாக ஓடியது, மறுநாள் காலை பழைய கதை. திரும்பப் போனால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டரே போச்சு, புதுசுதான் போடணும் என்றார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் போய் கார்பரேட்டர் விலை விசாரித்துவிட்டு வரலாம் என்று கிளம்பியும் விட்டேன். எங்கள் ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன்தான் தடுத்து, ஆதம்பாக்கத்தில் இந்தக் கடையைச் சொன்னார்.

கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு கம்ப்ரஸர், வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக ஏழெட்டு பழைய வண்டிகள், அவ்வளவுதான். தில்லை கங்கா நகர் சப்வே தாண்டி உள்தெருவில் இருக்கிறது. போர்டு வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது, வேப்பமரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வண்டியை ஸ்டாண்ட் போட்டதும் ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். “எத்தன மாசம் நின்னுச்சு? நிறுத்தும்போது பெட்ரோல் டேப்ப மூடுனீங்களா? டேங்க்ல எவ்ளோ இருந்துச்சு? மழைத் தண்ணி ஏறுச்சா? எடுத்தவுடனே ஆஃப் ஆவுதா, சூடான அப்புறம் ஆவுதா?” டேப்பை மூடினோமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், “அத யாரு மூடுவா” என்றார்.

அப்புறம் கார்பரேட்டருக்கு அடியில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே நின்றதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். டீத்தண்ணி நிறம். அடியில் குண்டுமணி மாதிரி தண்ணீர்த் துளிகள் தனியாக உருண்டன. “மோந்து பாரும்மா” என்றார், பெட்ரோல் வாசமே இல்லை, வார்னிஷ் அடித்த பழைய பீரோ வாசம்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். கார்பரேட்டரில் பெட்ரோல் போக இரண்டு ஜெட், அதாவது நடுவில் ஓட்டை போட்ட சின்னச் சின்ன பாகங்கள். ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்து ஓட்டும்போது மெயின் ஜெட் கொடுக்கும், அதன் ஓட்டை கொஞ்சம் பெரிது. கையை விட்டதும், அதாவது ஐடிலிங்கில், பைலட் ஜெட் மட்டும்தான், அதன் ஓட்டை ஊசிமுனை அளவு. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் போக, மிச்சம் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், முதலில் அடைபடுவது அந்த ஊசிமுனைதான். அதனால்தான் வேகத்தில் ஒன்றும் தெரியவில்லை, சிக்னலில் மட்டும் உயிர் போனது. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாக இழுபடும், அடைப்பு மறைந்துவிடும். புது பிளக் போட்டதும் ஒரு நாள் ஓடியதற்கும் இதையே காரணமாகச் சொன்னார்: சோக்கிலேயே ஓட்டி ஓட்டி பழைய பிளக் கரி பிடித்திருந்தது, புதுசு கரி பிடிக்க ஒரு நாள் ஆனது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், இப்போது பங்க்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ரொம்ப நாள் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் இறங்கும், டேங்க்கும் துருப்பிடிக்கும்.

கார்பரேட்டரைக் கழற்றி பைலட் ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார், வெளிச்சம் துளிகூடத் தெரியவில்லை. கிளீனர் அடித்து ஊறவைத்து, கரண்ட் ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்புக் கம்பி இழையை உருவி நுழைத்தார். கிளட்ச் கேபிள் இழையால் குத்துகிறவர்கள் உண்டாம், அது இரும்பு, ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் எந்த ஜென்மத்திலும் ஐடிலிங் சரியாக நிற்காது, மைலேஜும் போய்விடும். பிறகு கம்ப்ரஸர் காற்று. மறுபடி வானத்துக்குப் பிடித்தால் சின்னதாக ஒரு நட்சத்திரம்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோதுதான் வேடிக்கை. எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது, தேங்காய் நார், பஞ்சு, ஒரு மிக்சர் பொட்டலத்தின் கவர். ஜெனரல் சர்வீஸுக்குக் காசு வாங்கியவர்கள் இந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அந்த மிக்சர் கவரே சாட்சி சொன்னது.

டேங்கைக் காலி செய்து அலசி, டேப்பில் இருக்கும் சல்லடையைச் சுத்தம் செய்து, கட்டை மாதிரி இறுகியிருந்த பெட்ரோல் டியூப்பை மாற்றினார். கடைசியில் என்னையே ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார், இன்ஜின் சூடான பிறகுதான் ஸ்லோ, அதாவது ஐடிலிங் வேகம், வைக்கணுமாம். 1,400 ஆர்.பி.எம். இருக்கணும் என்கிறார், ஸ்ப்ளெண்டரில் ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது, அவர் காதுதான் மீட்டர். ஏர் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தம் ஒரே சீராக வந்ததும் கையை எடுத்தார். மொத்தம் 650 ரூபாய், டியூப்பும் கேஸ்கட்டும் சேர்த்து. பழைய டியூப்பை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். கார்பரேட்டர் அதே கார்பரேட்டர்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். நாலாவது நாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார். நான் கத்துவதை எல்லாம் கேட்டுவிட்டு, “பெட்ரோல் மூடியத் தொறங்க, புஸ்ஸுனு சத்தம் வருதா?” என்றார். வந்தது. “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.” ரெண்டாவது உதையில் எடுத்துக்கொண்டது. மூடியில் காற்றுப் போகிற துளை துருவால் அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று புகாமல் வெற்றிடமாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். இருபது நிமிடம் ஓட்டினால்தான் தெரியும், பத்து நிமிட டிரையலில் பிடிபடாது. சாயங்காலம் போனதும், அன்றைக்கே மூடியைப் பார்த்திருக்கணும், தப்பு என்னுதுதான் என்று சொல்லிவிட்டுச் சுத்தம் செய்தார், காசு வாங்கவில்லை. மெக்கானிக் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டது இதுதான் முதல் தடவை, இந்த ரிவ்யூவில் அரை ஸ்டார் குறைக்க இருந்ததை விட்டுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. பில் கிடையாது, ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதித் தருவார். காலையில் விட்டால் மதியம் என்பார், சாயங்காலம்தான் கிடைக்கும். உட்கார ஒரு பழைய சீட் மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் பூனை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளைத் தொடுவதில்லை, ஸ்கேனர் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவார். கார்பரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் மட்டும் போங்கள்.

வண்டியை மறுபடி ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடிவிட்டு, தானாக ஆஃப் ஆகும்வரை ஓடவிடச் சொன்னார், கார்பரேட்டரில் பெட்ரோல் தங்காது. இப்போது அப்பா தினமும் சாயங்காலம் கீழே இறங்கி, ஓட்டாத வண்டிக்கு டேப் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மேல் கடைக்குப் போகாதீர்கள், ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பார்.