நேரே ஊன்றுவதா, பிடுங்கி நடுவதா, குழித்தட்டா?

விதை முளைக்கவில்லை, முளைத்த செடி தேறவில்லை என்றால் முதல் பழி விதை பாக்கெட்டின் மேல்தான் விழும். விதை பழசாக இருந்தால் அது நியாயம்தான். வெங்காய விதையெல்லாம் ஒரு வருடம் தாண்டினாலே முளைப்புத் திறன் மளமளவென்று குறையும். ஆனால் புது விதையிலும் பாதி போகிறதென்றால், அந்தப் பயிரின் வேருக்கு ஒத்துவராத வழியில் தொடங்கியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் வழி மூன்று. செடி வளரப்போகும் இடத்திலேயே விதையை ஊன்றுவது ஒன்று. தட்டிலோ பாத்தியிலோ நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது இன்னொன்று. குழித்தட்டில் குழிக்கு ஒரு செடியாக வளர்த்து, வேரைச் சுற்றியுள்ள தாய்மண் உடையாமல் எடுத்து நடுவது மூன்றாவது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பயிருக்கு எது என்று கேட்டால் தெளிவாகவே சொல்லலாம்.

முள்ளங்கி, கேரட் இரண்டுக்கும் நேரடி விதைப்புதான். முளை வெளியே தெரிவதற்கு முன்பே ஆணிவேர் கீழே இறங்கத் தொடங்கிவிடும். பின்னால் கிழங்காகப் பருப்பதும் அதே வேர்தான். பிடுங்கும்போது அதன் நுனி அறுந்தாலோ, நடும்போது மடங்கினாலோ கிழங்கு இரண்டு மூன்று கிளையாகப் பிளந்து, முறுக்கிக்கொண்டு வரும். இலை மட்டும் செழிப்பாக இருப்பதால் அறுவடை வரை தவறு தெரியாது. பீட்ரூட் அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது, சின்ன நாற்றாக இருக்கும்போதே மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். நாம் பீட்ரூட் விதை என்று ஊன்றுவது பெரும்பாலும் பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. அதனால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முளை வந்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நறுக்கிவிட வேண்டும். கொத்தமல்லியைப் பிடுங்கி நட்டால் இலை தருவதை விட்டுவிட்டுச் சீக்கிரமே பூவெடுக்கப் பார்க்கும். அதையும் நேரே விதைப்பதே நல்லது.

வெண்டை, கொத்தவரை, அவரை, பீன்ஸ் இவற்றின் விதை பெரியது. நல்ல சூட்டில் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். இவற்றுக்கு நாற்றுவிடுவது வீண் வேலை. வெண்டை விதையின் தோல் கெட்டி என்பதால் ஒரு இரவு ஊறவைத்து ஊன்றினால் சீராக முளைக்கும். அதே வழக்கத்தை பீன்ஸுக்கும் கொண்டுபோவது தவறு. பீன்ஸ் விதை தண்ணீரை வேகமாகக் குடித்து உப்பும்போது உள்ளே பருப்பு வெடிக்கும், காற்றில்லாமல் அழுகவும் தொடங்கும். அதை ஈர மண்ணில் உலர்ந்த விதையாகவே ஊன்றலாம்.

நேரடி விதைப்பில் அதிகம் கெடுவது ஆழத்தால்தான். விதையின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். வெண்டைக்கு 2 செ.மீ. வரை போகலாம், தக்காளிக்கு அரை செ.மீ. போதும். கீரை விதையை நாலு மடங்கு மணலோடு கலந்து தூவி, மேலே சலித்த மக்கிய உரத்தை மெல்லிசாகத் தூவினால் முடிந்தது. அடுத்த எதிரி மேல்மண் இறுகிப்போவது. கேரட் முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் வெயிலில் மண் பொறுக்குத் தட்டிவிட்டால் ஊசிபோன்ற அந்த முளையால் அதை உடைத்துக்கொண்டு வர முடியாது. விதைத்த வரியின் மேல் ஈரச் சாக்கு போட்டு, முதல் முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். எறும்பு கீரை விதையை இழுத்துப்போவதும், குவளையால் ஊற்றிய தண்ணீரில் விதையெல்லாம் தொட்டியின் ஒரு மூலைக்கு ஓடுவதும் இதே வழியின் தொல்லைகள். பூவாளியில் மெல்லிய துளை இருந்தால் பின்னது தீரும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் கதை வேறு. மிளகாய் முளைக்கவே 8 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும், மண்சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தால்தான் உற்சாகமாக வரும். இவ்வளவு மெதுவாக வளரும் குஞ்சுச் செடிக்காக ஒரு பெரிய தொட்டியை ஒரு மாதத்துக்கு மேல் ஒதுக்கினால் இடம் மட்டுமா போகிறது? அவ்வளவு மண்ணின் ஈரத்தை அந்தச் சின்ன வேரால் இழுக்க முடியாது. அடிமண் எப்போதும் சொதசொதவென்று இருந்து வேரை அழுக்கும். இந்த மூன்றையும் நாற்றாக்கித்தான் நட வேண்டும்.

அதற்குப் பிடுங்கி நடுவது போதுமா, குழித்தட்டு வேண்டுமா? பிடுங்கி நடுவதில் செலவு இல்லை, அகலமான எந்தத் தட்டும் போதும், அடியில் துளை இருந்தால் சரி. 5 செ.மீ. இடைவெளியில் வரி போட்டு விதைத்து, நெருக்கத்தைக் கலைத்துவிட வேண்டும். ஆனால் பிடுங்கும்போது அறுபடுவது கண்ணுக்குத் தெரியும் வேர் மட்டுமல்ல. தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் பெரும்பகுதி மண்ணோடு போய்விடும். அதனால்தான் நட்ட நாற்று இரண்டு மூன்று நாள் தலை தொங்கிக் கிடக்கிறது. அப்போது வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தச் செடிக்குத் தேவை நிழல். பிடுங்க ஒரு மணி நேரம் முன்பு தட்டை நன்றாக நனைத்து, சாயங்காலம் நட்டு, மூன்று நாள் நிழல் கொடுத்தால் தக்காளியும் கத்தரியும் எழுந்துவிடும். வெங்காயமும் முட்டைக்கோஸும் இந்த நடவைத் தாங்கும்.

குழித்தட்டில் இந்த வாட்டமே இருக்காது. வேரும் மண்ணும் ஒரே கட்டியாக வரும், நட்ட மறுநாளே செடி தன் வேலையைப் பார்க்கும். மிளகாய்க்கு என்னைக் கேட்டால் இதுதான். ஆனால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். குழியில் மண் கொஞ்சம்தான், வெயில் நாளில் காலை மாலை இரண்டு வேளையும் காய்ந்துவிடும். தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பினால் இரண்டு சிக்கல்: கழுவாத நாரில் உப்பு இருந்து இலை ஓரம் கருகும், கழுவியதில் சத்தே இருக்காது. பலமுறை அலசிப் பிழிந்த நார் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்தால் முதல் இரண்டு வாரம் கவலையில்லை. பிறகு அடியிலை வெளுக்க ஆரம்பித்தால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கரைத்து வாரம் ஒருமுறை கொடுக்கலாம்.

தட்டை மூடி வைத்திருந்தால் முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நாற்று நூலாக நீண்டு சாய்ந்துவிடும். ஜன்னலோரத்தில் வைத்தாலும் இதே நிலைதான். நீண்டுபோன தக்காளியைக் காப்பாற்றலாம். அதன் தண்டே வேர் விடும் என்பதால் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதைத்து நடலாம். பப்பாளி நாற்றையோ, வெள்ளரி நாற்றையோ அப்படிப் புதைத்தால் கழுத்தில் அழுகல் வரும்.

தட்டிலும் பாத்தியிலும் பொதுவாக வருவது நாற்றழுகல். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி, கிள்ளி எடுத்தாற்போல் மெலிந்து, இலை பச்சையாக இருக்கும்போதே செடி படுத்துவிடும். ஒன்றில் தொடங்கி வட்டமாகப் பரவும். நெருக்கமான விதைப்பும் எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்ணும்தான் அந்தப் பூஞ்சைக்கு வேண்டியவை. தட்டைத் தண்ணீரில் அமர்த்தி அடியிலிருந்து ஈரம் ஏற விட்டு, மேல்மண் காய்ந்த பிறகே மறுபடி தண்ணீர் காட்டுங்கள். விதைக்கும் முன் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை, கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் பூசுவார்கள். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும்.

பாகல், புடலை, சுரை, வெள்ளரி இவைதான் இரண்டு பக்கமும் வாதம் நடக்கும் பயிர்கள். வேர் கலைந்தால் தாங்காதவை, அதனால் பிடுங்கி நடுவது கூடவே கூடாது. நத்தையும் எலியும் தொந்தரவு செய்யும் இடமானால் பெரிய குழியுள்ள தட்டில் வளர்த்து, முதலில் வரும் விதையிலை போக இரண்டு உண்மை இலை விட்டதும் நட்டுவிட வேண்டும், அதாவது சுமார் 12 முதல் 15 நாளில். பற்றுக்கம்பி சுருளும்வரை தட்டில் விட்டால் வேர் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, நட்ட பிறகும் அந்த வளையத்தை விட்டு வெளியே போகத் தயங்கும். தொல்லை இல்லாத இடமானால் நேரே இரண்டிரண்டு விதையாக ஊன்றுங்கள். பாகல் விதையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாக நறுக்கி ஒரு நாள் ஊறவைத்தால் போதும். இரண்டும் முளைத்தால் சோனியை இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், பக்கத்து வேர் அசையாது.

வயது தாண்டிய நாற்று எல்லாப் பயிரிலும் கெடுதல்தான். தக்காளிக்கு 25 முதல் 30 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் சரியான வயது. காலிஃபிளவர் நாற்றைத் தட்டிலேயே பட்டினி போட்டு வைத்தால் நட்ட பிறகு பொத்தான் அளவில் பூ கட்டி நின்றுவிடும், எந்த உரமும் அதைத் திருப்பாது. குழியிலிருந்து எடுக்கும்போது அடியிலிருந்து அமுக்கித் தள்ளி, செடியை இலையில் பிடியுங்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே வெயிலை நாளுக்கு நாள் கூட்டிப் பழக்கிவிடவும் வேண்டும்.

உங்கள் இடத்தில் எது சரிவரும் என்று பார்க்க, ஒரே பாக்கெட் விதையை ஒரே நாளில் பாதி நேரேயும் பாதி தட்டிலும் போடுங்கள். மண் கலவை, தொட்டி அளவு, வெயில் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும், தேதியைக் குச்சியில் எழுதிக் குத்திவையுங்கள். உயரத்தை வைத்து முடிவு கட்டாமல் முதல் பூ வந்த நாளையும் முதல் காய் பறித்த நாளையும் குறியுங்கள். சுரையில் தட்டுச் செடி முதல் இரண்டு வாரம் முந்திக்கொண்டு நின்றாலும், நேரே ஊன்றியது பூவெடுக்கும் நேரத்தில் எட்டிப்பிடித்துவிடுவது உண்டு.